பெரிய கோயில் நாணயம்: விமானத்தின் அடுக்குகள் கடைசியில் படத்தில் சிக்கின

ஆயிரம் ரூபாய் ப்ரூஃப் நாணயத்தை (சேகரிப்பவர்களுக்காக, வெற்றுத் தளத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, உருவத்தை மட்டும் வெண்மையாக விட்டு அச்சிடுவது) ஒருவழியாகப் படமெடுத்தாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு, 2010 என்று ஆண்டு பொறித்து வந்ததே, அதுதான். 44 மி.மீ., 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. கூடவே வந்த ஐந்து ரூபாய் பித்தளை நாணயத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. பத்து மணி, இரண்டு மணித் திசைகளில் விளக்கு வைத்தால் முடிந்தது. உயிரை எடுத்தது இந்த வெள்ளிதான்.

பக்கவாட்டு விளக்கில் தளம் கறுத்து, கோயில் வெள்ளையாக எழும்பும். பார்க்க ஜோர். ஆனால் விமானத்தின் அடுக்கெல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். செதுக்கியவர் அடுக்கடுக்காகக் காட்டியதை நாம் சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்கா இவ்வளவு பாடு?

அதனால் கண்ணாடி வழிக்கு மாறினேன். லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவில் 45 பாகையில் ஒரு கண்ணாடித் துண்டு, பக்கத்திலிருந்து விளக்கு, எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. வெளிச்சம் நேர் கீழே இறங்கி, தளத்தில் பட்டு, நேராக லென்ஸுக்கே திரும்புகிறது. தளம் வெளுத்து, சரிவுகள் மட்டும் கறுங்கோடாகின்றன. அடுக்குகளைத் தனித்தனியாக எண்ணலாம்!

கண்ணாடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் பச்சை ஏறும்; தடிமனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல்போல இன்னொரு கோடு விழும். போட்டோ சட்டத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடியே சரி. கடைக்கார அண்ணன் உள்ளங்கை அளவுக்குச் சிரித்துக்கொண்டே வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வெளிச்சம் வீணாகும், ஷட்டரை நீட்டி டைமரில் எடுக்க வேண்டும்.

அடுத்தது மட்டம். நாணயம் இம்மி சாய்ந்தாலும் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் மங்கும். ரசமட்டத்தை நம்பாதீர்கள். நாணயம் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, வியூஃபைண்டரின் நட்டநடுவில் லென்ஸ் தன்னையே பார்க்கும்வரை திருகுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதே இல்லை, எனக்குக் கோபம்.

கேப்சூலோடு, அதாவது நாணயத்தை மூடிவைக்கும் பிளாஸ்டிக் கூட்டோடு, எடுத்தால் அதுவும் மினுக்கும். வெளியே எடுத்தேன், கையுறையோடு, விளிம்பைப் பிடித்து. கேப்சூல் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 44 மி.மீ. என்று ஆன்லைனில் வாங்கியதில் நாணயம் கடகடவென்று ஆடுகிறது. கூட வந்த மெல்லிய உறைகளில் பிவிசி பிளாஸ்டிக் வாடை. வெள்ளியை அதில் போட்டால் பச்சைப் பிசின் நிச்சயம், குப்பையில் போட்டேன்.

1954 வரிசை ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்திலும் இதே கோயில்தான். 1978-ல் செல்லாததாக்கிய நோட்டு, இன்று என் பட்ஜெட்டுக்கு எட்டாது. பதிலாக, பழைய, புதிய நாடாளுமன்றக் கட்டடங்கள் உள்ள இரண்டு நாணயங்களையும் ஒரே சட்டகத்தில் வைக்க ஆசை: 2012-ன் பத்து ரூபாய், 2023-ன் எழுபத்தைந்து ரூபாய். பின்னதில் வெள்ளி 50 சதவீதம்தான், நிறம் வேறு மாதிரி விழும், கேமராவின் வெள்ளைச் சமநிலையை (நிறம் சரியாக விழவைக்கும் அமைப்பை) புதிதாகப் பிடிக்க வேண்டும்.

அதற்கு முன் சிங்க முகப்பு பாக்கி. அந்தப் பக்கம் வெற்றிடம் அதிகம், இந்த விளக்கில் ஒவ்வொரு தூசியும் கறும்புள்ளி. ஊதுபந்து வந்த பிறகுதான் உட்கார வேண்டும்.