சிகாகோவின் பிரான்ஸ்வில் (Bronzeville) பகுதியில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

சிகாகோவின் கறுப்பர் வரலாற்றைப் பார்க்க, கிங் டிரைவும் 26ஆம் தெருவும் சேரும் இடத்தில் தொடங்குங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்களுக்கான சிலை அங்கே: கையில் பெட்டி, உடம்பெல்லாம் தேய்ந்த ஷூ அடிப்பாகங்கள். அங்கிருந்து 35ஆம் தெரு வரை நடைபாதையில் வெண்கலத் தகடுகள். ஓட்டிக்கொண்டே படித்தால் முன்னால் போகிறவர் மேல்தான் மோதுவீர்கள். பெரியவர்கள் நடைபாதையில் ஓட்டவும் கூடாது. இறங்கித் தள்ளுங்கள்.

35ஆம் தெருவில், முதல் உலகப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரர்களுக்கு 1927இல் எழுப்பிய நினைவுத்தூண். சற்றுத் தெற்கே, 3624ஆம் எண், கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் வாழ்ந்த வீடு. தனியார் வீடு, வெளியே நின்றே பாருங்கள்.

பிறகு 35ஆம் தெரு நடைபாலம் ஏறி ஏரிக்கரை. 1919 ஜூலை 27 அன்று 29ஆம் தெருப் பக்கம் தண்ணீரில் இருந்த 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் யூஜின் வில்லியம்ஸ், வெள்ளையர் ஒருவரின் கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். தொடர்ந்த இனக் கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

டயரில் காற்று குறைவாக இருந்தால் பள்ளத்தில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். மாற்று ட்யூப் ஒன்று கட்டாயம்.