இரங்கல் கார்ட்டூன் வரையும் இரவு

ஒரு தலைவர் இறந்த செய்தி வந்ததும் நாளிதழில் கார்ட்டூன் போடுகிறவனுக்கு முதலில் வருவது துக்கம் இல்லை, நேரக் கணக்கு. வெளியூர்ப் பதிப்பு எத்தனை மணிக்குப் போகிறது, முதல் பக்கத்தில் இடம் உண்டா, இரண்டு பத்தியா மூன்று பத்தியா. கல்நெஞ்சம் என்று நினைக்க வேண்டாம், டெஸ்கில் எல்லோருமே அப்படித்தான் இருப்போம். துக்கம் வீட்டுக்குப் போன பிறகு வரும்.

அடுத்தது, எல்லோருக்கும் தோன்றும் அதே படம். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்துல் கலாம் சரிந்தார் என்று கேட்டதும் என் பென்சில் தானாக ஒரு ராக்கெட்டைப் போட்டது. ராக்கெட், சிறகு, மேகத்துக்கு மேலே ஒரு வாசல், அங்கே வரவேற்க யாரோ ஒருவர். பார்த்தவுடனே புரியும், பார்த்தவுடனே மறந்தும் போகும். அதைக் கிழித்துவிட்டு, அவர் வழக்கமாக என்ன செய்வார் என்று யோசித்தேன். பேசி முடித்ததும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்வார். காலி மேடை, மைக், கீழே வரிசையாகத் தூக்கிய சின்னக் கைகள். அவ்வளவுதான் வரைந்தேன். அந்த வெள்ளி முடிச்சுருளைக்கூட எங்கேயும் காட்டவில்லை.

இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. 1963இல் கென்னடி சுடப்பட்டபோது அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் பில் மால்டின் கென்னடியை வரையவே இல்லை. வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலை கைகளில் முகம் புதைத்துக் குனிந்திருப்பதாகப் போட்டார். லிங்கனும் சுடப்பட்டுச் செத்தவர் என்று விளக்க ஒரு வரிகூட அதில் தேவைப்படவில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படாமல் இருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடிக்காத வேலை, ஆள் இருக்கும்போதே வரைந்து வைப்பது. அஞ்சலிக் கட்டுரைகள் முன்பே தயாராக இருப்பது பத்திரிகையில் சாதாரணம். ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தார். அஞ்சலிப் படத்தையும் வரைந்து வைத்துக்கொள்ளச் சொன்னார் எங்கள் ஆசிரியர். மனசு வரவில்லை. 2016 டிசம்பர் 5 சாயங்காலம் சில சேனல்கள் அவசரப்பட்டு மரணச் செய்தி போட்டுவிட, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. தயாராக ஒரு படம் இருந்திருந்தால் அதுவும் அந்த நேரத்தில் எங்கேயாவது வெளியே போயிருக்கும். இரவு 11.30க்கு உயிர் பிரிந்ததாக அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. கூடவே புது முதல்வர் பதவியேற்பு. பல வருஷமாக அமைச்சர்களை அந்த அம்மா முன்னால் குனிய வைத்தே வரைந்தவன் நான். அன்றைக்கும் அதைப் போட்டால் அடுத்த நாள் செய்தியை முந்தியிருப்பேன், சாவு வீட்டில் சிரித்த கணக்காகவும் ஆகியிருக்கும். நிமிர்ந்த முகத்தை மட்டும் போட்டேன், எப்போதும் போடும் அதே தடித்த கோட்டில். இறந்தவர் என்பதற்காகக் கன்னத்தையும் மூக்கையும் அழகுபடுத்தினால் வாசகருக்கு அவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

கருணாநிதிக்குத்தான் ரொம்பத் திண்டாடினேன். 2018 ஆகஸ்ட் 7, மாலை 6.10 என்று அறிக்கை வந்தது. நேரம் தாராளம். ஆனால் ஒவ்வொன்றாக அடைபட்டது. காலி சக்கர நாற்காலி, அதன்மேல் மஞ்சள் துண்டு என்று முதலில் தோன்றியது. ஒரு மணி நேரத்துக்குள் அதே படம் வாட்ஸ்அப்பில் எனக்கே வந்துவிட்டது. அடுத்தது அண்ணா. 1969இல் அண்ணா மறைந்தபோது அவர் இதயத்தை இரவல் கேட்டுக் கவிதை பாடியவர், அதைத் திருப்பிக் கொடுக்க வருகிறார் என்று வரையாத கை தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அதற்கு மெரினா வேண்டும். மெரினாவில் இடம் கிடையாது, காந்தி மண்டபம் பக்கம் தருகிறோம் என்று அரசு சொல்லிவிட்டது. இரவே உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, காலை 8 மணிக்குத் தள்ளிப்போனது. அந்த நிலையில் அலையும் மணலும் வரைந்தால் அஞ்சலிப் படமே ஒரு கட்சி மனு ஆகிவிடும்.

கடைசியில் அவரைப் பத்திரிகைக்காரராகவே பார்த்தேன். முரசொலியில் உடன்பிறப்புக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். ஒரு மேசை, மூடிய பேனா, வெள்ளைத் தாள், கதவருகே மேட்டர் வாங்க வந்து நிற்கும் அச்சகப் பையன், முதுகு மட்டும். மேசையில் கண்ணாடியை வைக்கும்போது ஒரு சிக்கல். 2017இல் அவர் கறுப்புக் கண்ணாடியை விட்டு வெள்ளைக்கு மாறியிருந்தார். உண்மைப்படி வெள்ளைதான். ஆனால் வெள்ளைக் கண்ணாடியை மேசையில் வைத்தால் அது யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். கறுப்பையே போட்டேன்.

பையன் வாயில் “ஐயா, இன்னைக்குக் கடிதம்?” என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை எடுக்கச் சொன்னார். வாக்குவாதம் செய்தேன். லேஅவுட் செய்கிறவர் வசனம் இல்லாமல் ஒரு பிரின்ட் எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் நான் பேசவில்லை.

மறுநாள் போன்கள் வந்தன. “இத்தனை வருஷம் கிண்டல் பண்ணிட்டு இப்ப என்ன பாசம்?” என்று கட்சிக்காரர் ஒருவர். “ஊழல் குற்றச்சாட்டெல்லாம் மறந்துபோச்சா?” என்று எதிர்த்தரப்பில் இன்னொருவர். நற்சான்றிதழ் கொடுப்பது என் வேலை இல்லை என்றேன் இருவரிடமும். ஒருவரின் வேலை நின்றுபோனதைத்தான் முதல் நாள் படத்தில் காட்டுகிறேன். அவர் கணக்கு வழக்கை எழுதத் தலையங்கம் இருக்கிறது.

எவ்வளவு நாள் அடக்கி வாசிப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை, குடும்பமும் கட்சியுமே சொல்லிவிடும். ஆகஸ்ட் 13 அன்று அழகிரி அப்பாவின் நினைவிடத்தில் நின்று, உண்மையான விசுவாசிகள் தன் பக்கம் என்றார். அன்று மாலை வழக்கமான கார்ட்டூனுக்குத் திரும்பினேன். மேகத்தில் கருணாநிதி உட்கார்ந்து கண்ணீர் விடுகிற மாதிரி ஓரத்தில் போடலாமே என்று டெஸ்கில் ஒருவர் சொன்னார். மாட்டேன் என்றேன். அண்ணன், தம்பி, நடுவில் ஒரு மைக். அதோடு அனுப்பிவிட்டேன்.