பழசாகாத குசினி

இன்று கிளிநொச்சியில் கண்ட ஒரு புதுவீட்டுக் குசினி. சிவப்பு மினுக்கக் கதவு. சிங்க்குக்குக் கீழே அதன் அடிவிளிம்பு ஊதி, மேல்தாள் உரிந்து நிற்குது.

அது எம்.டி.எஃப், மரநாரை அமுக்கிச் செய்த பலகை. வெட்டின விளிம்பாலதான் தண்ணியை உறிஞ்சும். சிங்க் பக்கத்துக்கு வேம்போ தேக்கோ போடுங்கோ. வேலைப்பாடில்லாத கதவு, மரநிறத்திலேயே இருக்கட்டும்.

சுவருக்குப் பழப்படம் போட்ட ரைல்ஸ் வேண்டாம். பிறகு ஒன்று உடைஞ்சால் அதே டிசைன் கடையில் கிடைக்கிறது கஷ்டம். வெறும் வெள்ளை எப்பவும் இருக்கும்.

மேடைக்குக் கறுப்புக் கிரனைற் எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் எங்கட கிணத்துத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. காய்ஞ்சால் வெள்ளைத் திட்டு. புள்ளி விழுந்த சாம்பல் கல்லில் அது தெரியாது.

விறகடுப்பையும் புகைக்கூட்டையும் மட்டும் இடிச்சுப்போடாதேங்கோ. 2022இல் காஸ் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவைக்கு ஏனெண்டு தெரியும்.