விளிம்பில் ஒரு குளம்

நவம்பர் 3

மழை. பிரஷைத் தொடவில்லை.

நவம்பர் 5

விளிம்பில் குளம் வரையவேண்டிய புத்தகம் அச்சகத்திலிருந்து வெட்டுப்பட்டு வந்துவிட்டது. 400 ஒற்றை, அதாவது தாள், மூடினால் 4 சென்ரிமீற்றர் தடிப்பு. கரையை, ஒற்றை நுனிகள் சேர்ந்த அந்த விளிம்பை, நகத்தால் தடவினால் வெட்டுக்கத்தி இழுத்த கோடு தட்டுப்படுகிறது. அந்தக் கோட்டுக்குள் வர்ணம் தேங்கினால் படம் முழுக்கக் குறுக்கே கீறல் தெரியும். இரண்டு முதிரைப் பலகைக்கு நடுவே வைத்து இறுக்கி, மரக்கட்டையில் சுற்றிய சாண்ட் பேப்பரால் 150, 240, 400 இலக்கம் என்று வரவர மெல்லிசாகத் தேய்ப்பு. தலையிலிருந்து கால்வரை ஒரே போக்கில் போகவேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் மூலை உருண்டுபோகும், உருண்ட மூலையில் கடைசியாகக் கரைக்கு ஒட்டும் பொன் பிடிக்காது. தூசியை உலர்ந்த பிரஷால் தட்டவேண்டும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

கழிவு ஒற்றையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தது: முத்தாகத் திரண்டு நின்றது. பசை ஏற்றிய கடதாசி. நிம்மதி.

நவம்பர் 6

கடதாசியின் நார் புத்தக முதுகோடு சமாந்தரமாகத்தான் ஓடுகிறது. ஒற்றையை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் எளிதாக வளையும் பக்கம் நார்ப்பக்கம். குறுக்கே ஓடியிருந்தால் இந்த மாரிக்காற்றுக்குக் கரை அலையலையாக எழும்பியிருக்கும். அதில் எதையும் வரையமுடியாது.

நவம்பர் 9

தண்ணீர். திரும்பத் திரும்ப அதே நினைப்புத்தான்.

இது மூடினால் மறைந்து, ஒற்றைகளைச் சரித்தால் மட்டும் தெரியும் படம். அதற்குப் புத்தகத்தை மூடிவைத்து வரைவதில்லை. மேலட்டையை ஒதுக்கி, ஒற்றைகளைப் படிக்கட்டாகச் சரித்து, சரிவாகச் சீவிய பலகைகளுக்கு நடுவே கரையிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள் இறுக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு ஒற்றையும் ஒரு மயிரளவு முகம் காட்டும். படம் அந்த மயிரளவுகளில் மட்டும்தான் இருக்கிறது. பிரஷில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் இரண்டு ஒற்றைக்கு நடுவிலுள்ள இடுக்கு அதை உள்ளே உறிஞ்சிவிடும். மேலே வெளிறும், உள்ளே பக்கத்தின் ஓரத்தில் நீலக்கறை படரும். அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

ஆகவே வர்ணத்தைத் தொட்ட பிரஷைத் துணியில் ஒற்றி, கழிவுத்தாளில் இழுத்துப் பார்த்து, ஈரமாக மினுங்காத கோடு விழுந்தால்தான் புத்தகத்துக்குப் போகலாம். மினுங்கினால் திரும்பவும் துணிக்கு.

அக்ரிலிக் ஏன் பாவிக்கக்கூடாது என்று கேட்கிறார்கள். காய்ந்தால் அது பிளாஸ்ரிக் தோல். ஒற்றையையும் ஒற்றையையும் சேர்த்து ஒட்டிவிடும். மூடிய கரையில் மெல்லிசாகப் பூசினால் பரவாயில்லை, சரித்த கரையில் ஆகாது. கோவாஷ், அடி தெரியாமல் மூடும் தண்ணீர் வர்ணம், தடித்துப் பூசினால் பக்கம் புரட்டப் புரட்ட உதிரும். சாதாரண வோட்டர் கலர்தான், மெல்லிசாக, பூச்சின்மேல் பூச்சாக.

நவம்பர் 10

கொஞ்சம் வெயில். நீலம் இன்னும் முடிவாகவில்லை.

நவம்பர் 11

தலோ நீலம் நாருக்குள் இறங்கிக் கறையாகப் பிடித்துவிடும். அல்ட்ராமரின் என்ற மற்ற நீலத்தின் துகள் பருமன், மேலே தங்கும், தவறினால் ஓரளவாவது ஒற்றி எடுக்கலாம். குளத்துக்கு அல்ட்ராமரின். முடிந்தது.

நவம்பர் 14

விளிம்பில் வரைவது பழைய வேலை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லுனோவில் பில்லோனே குடும்பத்து நூல்களுக்குச் செசாரே வெச்செல்லியோ வரைந்தவை மூடிய கரையில் வெளிப்படையாகத் தெரிபவை. அந்தக் காலத்தில் புத்தகத்தின் முதுகு உள்ளே, கரை வெளியே பார்க்க அடுக்கினார்கள், ஆகவே படமே அடையாளம். சரித்தால் மட்டும் தெரியும் படத்தை 18ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஹலிஃபாக்ஸ் ஊர் எட்வர்ட்ஸ் குடும்பத்தார். நிலக்காட்சிகள், மேலே பொன்.

அந்தப் பொன் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. மூடினாலும் ஒற்றை நுனிகளில் கொஞ்சம் வர்ணம் அழுக்குப்போலத் தெரியும். அதை மறைப்பது பொன்தான்.

நவம்பர் 17

தூரத்திலிருந்து கிட்ட. முதலில் வானம், பிறகு அக்கரைக் காட்டுக்கோடு, தண்ணீர், அணைக்கட்டு, கடைசியாக மருதமரம். மருதின் அடிமரம் வெளிறிய சாம்பல், பட்டை உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு வைத்ததும் படம் முழுதும் எழும்பிநின்றது! நீளக்கோடுகளைக் கரையின் நீளத்தோடு இழுப்பது எளிது. குறுக்கே இழுக்கும்போது பிரஷ் ஒற்றைக்கு ஒற்றை தட்டும். மரத்தைப் புள்ளி புள்ளியாகத்தான் கட்டவேண்டும்.

மறுபக்கம் சரித்து இன்னொரு படமும் வரையலாம். இந்த மாரிக்குள் வேண்டாம்.

நவம்பர் 18

பிடியைத் தளர்த்தவேண்டாம். காயட்டும்.

நவம்பர் 21

கரண்ட் இல்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள். ஊர் முழுக்க ஈரமாய்க் கிடக்கையில் அவை எவ்வளவைத்தான் குடிக்கும். புத்தகம் போகவேண்டிய திகதி மாறாது.

நவம்பர் 23

பிடி கழற்றி, இரண்டு முனையிலிருந்தும் பெருவிரலால் ஒற்றைகளைச் சரசரவென்று விட்டுப் பார்த்தது. ஒன்றும் ஒட்டவில்லை. நடுவில் திறந்து பார்த்தால் ஓரம் வெள்ளை. நீலம் உள்ளே போகவில்லை.

நேராக்கி, மூடி, இனி இருக்கிற பலமெல்லாம் போட்டு இறுக்கவேண்டும். பொன் ஒட்டப் பூசும் முட்டை வெள்ளைக்கரு நீர் ஈரந்தானே. இடுக்கு இருந்தால் அது குளத்தைக் கரைக்கும்.

நவம்பர் 24

வெள்ளைக்கருவைத் தண்ணீர் சேர்த்து நுரையடித்து வைத்தாயிற்று. இரவு கிடந்தால் அடியில் தெளிவு நிற்கும், அதை மட்டும் வடித்து எடுக்கவேண்டும். கரையில் செங்களிப் பூச்சு மெல்லிசாக, காய்ந்தபின் பிரஷால் மினுக்கியது.

பயம் இப்போது பொன்னை மினுக்கும் அகேற் கல்லில். ஈரம் இருக்கும்போது மினுக்கினால் பொன் உரிந்துவரும், அளவுக்கு மீறிக் காய்ந்தால் மினுங்காது. கோடையில் அந்த நேரம் கைக்குப் பழக்கம். மாரியில் கழிவுக் கட்டொன்றையும் கூடவே பூசிவைத்து, அதில் கல்லை ஓட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் புத்தகத்துக்கு வரவேண்டும். கழிவுக் கட்டு வெட்டியாயிற்று, அதே கடதாசி, அதே 400 வரை தேய்ப்பு.

நவம்பர் 25

விடியவே மழை. வெள்ளைக்கரு வடித்துப் போத்தலில். நாளைக்கும் தாங்கும், அதற்குமேல் நாறும்.