பின்னத்தின் கீழே இருக்கும் எண்

எதிர்கால ஆபத்துகளையும் அவற்றின் பணச்செலவையும் கணக்கிடும் ஆக்சுவேரியல் சயின்ஸ் படித்தால் இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் வேலை என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனங்களின் ரிஸ்க் பிரிவிலும் இந்தப் படிப்புக்கு நேரடியான இடம் உண்டு. பாலிசிதாரர் எந்த வயதில் இறப்பார் என்று கேட்கும் அதே கணக்குதான், கடன் வாங்கியவர் எந்த மாதத்தில் தவணையை நிறுத்துவார் என்றும் கேட்கிறது. அங்கே மரணம், பாலிசியைப் பாதியில் திருப்பிக் கொடுக்கும் சரண்டர், முதிர்வு. இங்கே வராக்கடன், முன்கூட்டியே அடைப்பது, தவணை முடிவது.

இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வுகளில் சி.எஸ்.2 தாளில் ‘எக்ஸ்போஸ்டு டு ரிஸ்க்’ என்று ஒரு பாடம் வரும். மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் பாடம். இறப்பு விகிதத்தில் மேலே இறந்தவர் எண்ணிக்கை. கீழே, இறக்கும் வாய்ப்போடு எத்தனை பேர் எவ்வளவு காலம் கணக்கில் இருந்தார்கள் என்பது. ரிஸ்க் வேலையில் இதைப்போலக் கைகொடுக்கும் பாடம் வேறில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஒரு மார்ச்சில் நிலுவைக் கடன் 1,000 கோடி. அதில் 90 நாளுக்கு மேல் தவணை வராதது 30 கோடி. 3 சதவீதம். அடுத்த மார்ச்சில் நிலுவை 2,000 கோடி, வராதது 44 கோடி. 2.2 சதவீதம், நிலைமை தேறியதுபோலத் தெரியும். ஆனால் அந்த 2,000 கோடியில் 1,200 கோடி கடைசி மூன்று மாதத்தில் கொடுத்தது. முதல் தவணை வரவே ஒரு மாதம் ஆகும். அதன்பின் 90 நாள் ஓடவேண்டும். அந்தக் கடன்கள் கெட்டுப்போக இன்னும் நேரமே கிடைக்கவில்லை. அவற்றை நீக்கினால் 800 கோடிக்கு 44 கோடி, அதாவது 5.5 சதவீதம். அதனால்தான் கடன்களைக் கொடுத்த மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்பும் தன் 12-ஆம் மாதத்தில் எப்படி இருந்தது என்று ஒப்பிடுகிறோம். இதற்கு ‘விண்டேஜ்’ என்று பெயர்.

முன்கூட்டியே அடைத்தவர்களிடம் இன்னொரு தவறு நடக்கும். அவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் விகிதம் ஏறும். கடைசிவரை ஒழுங்காகக் கட்டியதாக வைத்தால் இறங்கும். அடைத்த மாதம்வரை பின்னத்தின் கீழ் எண்ணில் வைத்து, அதன்பின் விலக்குவதே சரி. புள்ளியியலாளர்கள் கப்ளானும் மையரும் 1958-ல் தந்த முறையின் சாரம் இதுதான். சி.எஸ்.2-வின் இரண்டாம் பகுதித் தேர்வில் ‘ஆர்’ என்ற கணினி மொழியில் செய்பவற்றில் இந்த வகைக் கணக்குகளும் உண்டு.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்புக் காலத்தைத் தனியாகவே சொல்லவேண்டும். ஒத்திவைப்பு பெற்ற கடன்களில் நிலுவை நாள் எண்ணிக்கை நகரவில்லை. அந்த மாதங்களை யாரும் தவணை தவறாத மாதங்கள் என்று மாடலுக்குள் போட்டால், ஆபத்து உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

நஷ்டத்தை அளக்கும்போது இன்னொரு தாளான சி.எம்.1-ன் வட்டிக் கணக்கு உதவுகிறது. ஒரு லட்சம் நிலுவையில் 50,000 ரூபாய் மூன்று வருடம் கழித்து வசூலானால் நஷ்டம் பாதி அல்ல. 12 சதவீத வட்டியில் அந்த வசூலின் இன்றைய மதிப்பு சுமார் 35,600 ரூபாய். நஷ்டம் 64 சதவீதத்துக்கு மேல்.

பாடத்திட்டம் தராதது ஒன்று உண்டு: டேட்டாவைச் சந்தேகிக்கும் பழக்கம். ‘க்ளோஸ்டு’ என்று பதிவான கடன் உண்மையிலேயே அடைபட்டதா, அதே ஆளுக்குப் புதுக்கடன் கொடுத்து முடிக்கப்பட்டதா? வாடிக்கையாளர் எண்ணை வைத்து, மூடிய தேதிக்கு முன்னும் பின்னும் பதினைந்து நாளில் புதுக்கடன் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டையும் ஒரே கடனாக இணைத்து, பழைய தேதியிலிருந்தே மாதங்களை எண்ணுங்கள்.