ஒரு ஜாக்கெட் பிட், ஒரு பழைய பெட்ஷீட்: ஸ்பூன் பை தைத்த கணக்கு

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்பூன், ஃபோர்க், ஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் நாடு முழுக்கத் தடை. அதற்குப் பிறகு டிபன் பையில் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் அந்த ஸ்பூன் பைக்கு அடியில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் கிடக்கிறது, இல்லையென்றால் பாலித்தீன் கவரில் ஈரத்தோடு புழுங்குகிறது. துணியில் ஒரு சுருட்டுப் பை தைத்தால் தீர்ந்தது. தையல் தெரிந்தவருக்கு ஒன்றரை மணி நேர வேலை.

தைப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பை என்பதால் இதைத் தினமும் துவைத்தாக வேண்டும், மறுநாள் காலைக்குள் காய்ந்தும் ஆக வேண்டும். துணி, நாடா, அளவு எல்லாமே இதிலிருந்துதான் முடிவாகும். உள்ளே ஃபோம் வைப்பது, ரெக்ஸின் லைனிங் கொடுப்பது, ஜிப் போடுவது எல்லாம் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஃபோம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ரெக்ஸின் ஈரத்தை வெளியே விடாது. பத்து நாளில் பையைத் திறந்தாலே ஊசல் வாடை வரும். பருத்தித் துணி இரண்டு மடிப்பு போதும்.

வெளிப்பக்கத்துக்குச் சென்னிமலை பெட்ஷீட் மாதிரி கொஞ்சம் கனமான பருத்தி நல்லது. பழைய பெட்ஷீட் என்றால் இன்னும் நல்லது, சுருங்க வேண்டிய மட்டும் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். உள்பக்கத்துக்கு விசேஷங்களில் தாம்பூலத்தோடு வந்து பீரோவில் அடுக்கியிருக்கும் ஜாக்கெட் பிட் சரியாக இருக்கும். பருத்தியா பாலியெஸ்டரா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். பாலியெஸ்டர் பிட் வேண்டாம், ஸ்பூனில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சாது.

புதுத் துணி எதுவானாலும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இதை விட்டால் வெளித்துணி ஒரு அளவிலும் லைனிங் வேறொரு அளவிலும் சுருங்கும். இரண்டாவது துவைப்பிலேயே பை கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை இஸ்திரி போட்டாலும் சரியாகாது.

அளவு வெட்டுவதற்கு முன் வைக்கப்போகிற சாமானை எடுத்து வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரிய ஸ்பூனும் ஃபோர்க்கும் பெரும்பாலும் 7½ முதல் 8 இன்ச் இருக்கும். இளநீருக்கு வைத்துக்கொள்ளும் ஸ்டீல் ஸ்ட்ராவும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். கணக்கு இப்படி: நீளமான சாமான் 8, அதற்கு மேல் கால் இன்ச் தளர்வு, மேல் மூடிக்கு 2¼, பாக்கெட் உயரம் 5, இரண்டு முனைத் தையலுக்கும் சேர்த்து 1. மொத்தம் 16½ இன்ச் நீளம். அகலம் 10 இன்ச். இந்த அளவில் வெளித்துணி ஒன்று, லைனிங் ஒன்று. குழந்தைக்கு 6 இன்ச் ஸ்பூன் என்றால் பாக்கெட் 4 இன்ச் போதும், நீளம் 13½ ஆகிவிடும். 36 இன்ச் அகலமுள்ள 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டில் நெடுக்கே மூன்றும், மீதியில் குறுக்கே இரண்டுமாக 16½-க்கு 10 துண்டுகள் ஐந்து கிடைக்கும்.

இது போக, பாவாடை நாடா 24 இன்ச் வேண்டும். பழைய ஜீன்ஸில் 8 இன்ச் நீளம், 2 இன்ச் அகலத்துக்கு ஒரு பட்டையும் வேண்டும். இந்தப் பட்டை ஃபோர்க்குக்காக. முள் கீழே பார்த்து நிற்கும்போது தினமும் ஒரே இடத்தில் குத்தி லைனிங்கை ஓட்டை போட்டுவிடும். லைனிங்கின் கெட்ட பக்கத்தில் (தைத்த பிறகு உள்ளே மறையும் பக்கம்), பாக்கெட் முனையிலிருந்து, அதாவது பாக்கெட்டாக மேலே மடியப்போகும் முனையிலிருந்து, 5½ இன்ச்சில் ஒரு கோடு போடுங்கள். பை மடங்கும் இடம் அதுதான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இன்ச், அந்தப் பக்கம் ஒரு இன்ச் வருகிற மாதிரி பட்டையை வைத்து நாலு ஓரமும் தைத்துவிடுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு இன்ச் காலியாக இருக்கட்டும். ஜீன்ஸ் ஓரத் தையலுக்குள் போனால் ஊசி உடையும்.

நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பை வெளித்துணியின் நல்ல பக்கத்தில் பக்கவாட்டு ஓரத்தோடு ஒட்டினாற்போல் வையுங்கள். இடம், பாக்கெட் முனையிலிருந்து 9½ இன்ச். நாடாவின் வால் இரண்டையும் நடுவே சுருட்டிக் குண்டூசி குத்திவிடுங்கள். இதை மறந்தால் வால் எங்காவது எதிர் ஓரத் தையலில் மாட்டிக்கொள்ளும். திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும், முழுவதும் பிரிக்க வேண்டிவரும்.

இப்போது லைனிங்கை நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்த்து மேலே வைத்து, அரை இன்ச் உள்ளே சுற்றிலும் தையல். பாக்கெட் முனையின் நடுவில் மட்டும் 3 இன்ச் விட்டுவிடுங்கள், பையைத் திருப்ப அந்த வழிதான். 14-ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். பருத்தி நூல் துவைக்கத் துவைக்கச் சுருங்கித் தையலை இழுக்கும், இதற்கு வேண்டாம். நாலு மூலையையும் சாய்வாக வெட்டி, தையலுக்கு வெளியே உள்ள துணியைக் கால் இன்ச்சாக நறுக்குங்கள். வாய் விட்ட 3 இன்ச்சில் மட்டும் நறுக்கக் கூடாது, அதை உள்ளே மடித்துத் தைக்க அந்தத் துணி வேண்டும். திருப்பிய பிறகு மூலையைத் தள்ள பென்சிலின் மொண்ணை முனை போதும். கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் நூல் அறுந்து மூலை வெளியே வந்துவிடும்.

இஸ்திரி போட்டால் 9-க்கு 15½ வரும். பாக்கெட் முனை நெடுக, ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச்சில் ஒரு தையல் ஓட்டுங்கள். விட்ட வாயும் அடைந்துவிடும், கைத்தையல் தேவையில்லை. மேல் மூடி முனைக்கும் அதே தையல். பிறகு லைனிங் உள்ளே வருகிற மாதிரி 5 இன்ச்சுக்கு மடித்து, இரு பக்கமும் கீழிருந்து மேல் வரைக்கும் அரைக்கால் இன்ச்சில் தைக்க வேண்டும்.

பலருக்கு மெஷின் முரண்டு பிடிக்கிற இடம் இது. பாக்கெட் ஓரத்தில் எட்டு மடிப்பு துணி இருக்கிறது. நாடா வருகிற இடத்தில் பத்து. மிதித்து ஓட்டினால் தையல் தாவும், ஊசி வளையும். முதலில் அந்த ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் நன்றாக அழுத்திவிட்டு, நாடா வருகிற அரை இன்ச்சை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். வெளித்துணிக்கே ஜீன்ஸ் எடுத்தால் வீட்டு மெஷின் இங்கே நின்றுவிடும். 16-ஆம் நம்பர் ஊசி போட்டாலும் தையல் சுத்தமாக விழாது.

அடுத்தது அறைகள். ஸ்பூன் தலைகீழாக, அதாவது வாயில் போகிற பக்கம் பைக்குள் இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கைவிரல் அங்கேதான் படும். அதனால் அறையின் அகலத்தைக் காம்பை வைத்து முடிவு செய்யாமல் தலையை வைத்து முடிவு செய்யுங்கள். பெரிய ஸ்பூனின் தலை 1¾ இன்ச் அகலம் என்றால் அறை 2¾. ஒரு இன்ச் கூடுதலாக விடுவது அதிகமாகத் தெரியும். ஆனால் சுருட்டும்போது துணி வளைந்து அகலத்தைத் தின்றுவிடும். இரண்டு இன்ச் விட்டுத் தைத்த அறையில் ஸ்பூன் போகும், திரும்ப எடுக்க இழுத்துப் பிடுங்க வேண்டியிருக்கும். பெரிய ஸ்பூனுக்கு 2¾, ஃபோர்க்குக்கு 2½, டீ ஸ்பூனுக்கு 2, ஸ்ட்ராவுக்கு 1½ என்று சாக்பீஸில் கோடு போட்டால், இரண்டு ஓரத் தையலும் போக மீதியுள்ள 8¾ இன்ச்சும் சரியாக அடங்கும். பெரிய ஸ்பூன் நாடா இல்லாத ஓரத்தில், ஸ்ட்ரா நாடா பக்கம். சுருட்டுவது ஸ்பூன் பக்கத்திலிருந்து.

கோடுகளை மடிப்பிலிருந்து பாக்கெட் வாயை நோக்கித் தையுங்கள். மெஷின் பாதம் மேல் துணியை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். வாயிலிருந்து கீழே தைத்தால் அந்தச் சுருக்கம் மடிப்பில் வந்து குவியும். வாயில் முடிக்கும்போது மூன்று தடவை முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டி போடுங்கள். பை பிரிவதென்றால் முதலில் பிரிவது இந்த இடம்தான்.

மூட வெல்க்ரோ வேண்டாமா என்று கேட்பார்கள். நாலு துவைப்பில் நூலும் பஞ்சும் பருக்கையும் அதில் சேர்ந்துவிடும். மட்டமான டிக் பட்டன் துருப்பிடிக்கும், துரு துணியில் இறங்கினால் போகாது. நாடா அறுந்தால் அதே இடத்தில் வேறொன்று வைத்துத் தைத்துவிடலாம். நாடாவின் முனையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் பிசிறாது.

சாம்பார் சாதம் சாப்பிட்ட ஸ்பூனைத் துடைத்து வைத்தாலும் லைனிங்கில் மஞ்சள் ஏறும். துணி சோப்பு போட்டதும் கறை திடீரென்று செந்நிறமாக மாறும். பயப்பட வேண்டியதில்லை. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் பழைய மஞ்சளுக்கு வந்துவிடும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். லைனிங் பக்கம் மேலே தெரிய நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், ஒரு நாளில் போகாதது இரண்டு மூன்று நாளில் போகும். எண்ணெய்க் கறைக்குத் துணியை நனைப்பதற்கு முன்பே பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். இதற்காகவே லைனிங் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு லைனிங்கில் அழுக்கு ஒளிந்துகொள்ளும்.

காயப்போடும்போது பாக்கெட் வாய் கீழே பார்க்க, மடிப்புப் பக்கத்தில் கிளிப் மாட்டுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். ஐப்பசி மழையில் ஒரு பை காய இரண்டு நாள்கூட ஆகலாம், ஆளுக்கு இரண்டாகத் தைத்து வைப்பது நல்லது. ஜீன்ஸ் பட்டை இருக்கும் அடிப்பக்கம்தான் கடைசியில் காயும். விரலை அறைக்குள் விட்டுத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு இஸ்திரி போட்டுவிட்டு ஸ்பூனை வையுங்கள்.