வெள்ளவத்தைக் கிளை

எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் மலர்க்குழுவிலிருந்து ரெலிபோன் எடுத்த தங்கச்சி, "பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி எழுதுங்கோ அக்கா" என்றுதான் கேட்டாள். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, நவராத்திரிக்குக் கிடைத்த அவலும் கடலையும், இதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். நான் எழுதப்போவது பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு நடந்தது. இங்கே கனடாவில் எங்களுக்கு யாப்பும் வங்கிக் கணக்கும் வருவதற்கு முன்பே நம் சங்கத்துக்கு ஒரு கிளை இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை. ஆனாலும் இப்போதைய கிளைகளைவிட அது கூட வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருபவர்கள் பொதுக்கூட்டத்தில் வரலாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 1997இல். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது, தென்மராட்சியில் இருந்தது, அடுத்த வருடம் திரும்பி வந்து வீட்டைப் பார்த்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும், விடுகிறேன். எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவர் ரொறன்ரோவில். விசா அலுவலுக்கு நான் கொழும்பில் நிற்கவேண்டும். தரைப்பாதை இல்லாத காலம். கிளியரன்ஸ், அதாவது பயண அனுமதி, எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து கொழும்பு. கப்பலில் நடந்ததை எழுதினால் மலரை மூடி வைத்துவிடுவீர்கள். அம்மா கட்டித் தந்த பனங்கட்டியும் ஒடியல் மாவும் மட்டும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன.

அப்போதைய வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் "நாங்கள் இப்ப போயிடுவம்" என்பார்கள். லண்டனுக்கு, பாரிசுக்கு, சூரிச்சுக்கு. ஆனபடியால் யாரும் கட்டில் வாங்குவதில்லை, பாய்தான். அலுமாரி வாங்குவதில்லை, சூட்கேஸ்தான். அப்படி 'இப்ப போக' வந்த சிலர் அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை முதலாம் வகுப்பிலும் சேர்த்துவிட்டு, இன்னமும் பாயில்தான் படுத்தார்கள்.

முதலில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் நின்றேன். ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் விலை கேட்டுத் திகைத்துப்போய் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு குரல். "உம்மட இல்லம் எது?" திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் இல்லத் தலைவியாக இருந்த அக்கா. பின்னாத தலையோடு அவர் முன்னால் நிற்கிறோமே என்று ஒரு கணம் பயந்தும் போனேன். இருபது வயது தாண்டியவள், கலியாணம் பேசியவள், சந்தை நடுவில் நின்று தலைமுடியை ஒதுக்கினேன். அந்த வாரமே பாயையும் சூட்கேசையும் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்கு மாறிவிட்டேன்.

அறையில் இருந்த எல்லாரும் எங்கள் பள்ளிக்கூடம். யாராவது விசா கிடைத்துப் பறந்தால், அந்தப் பாய்க்கு அடுத்த பழைய மாணவி வருவாள். ஆளைத் தேடிப் பிடிப்பது இல்லத் தலைவி அக்காவின் பொறுப்பு. சந்தையிலும் கோயிலிலும் பிடிப்பார். ஒருமுறை மயூரபதி அம்மன் கோயில் வாசலில், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றையும் தவறுதலாகப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். அவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்தோம். எங்கள் பள்ளிக் கீதம் முழுவதையும் பாடமாக்கியது கடைசியில் அவள் ஒருத்திதான்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார அன்ரி. அவருடைய சட்டங்கள் மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதாத குறை. ஆறரைக்குப் பிறகு வெளியே போகக்கூடாது. வெள்ளிக்கிழமை மீன் கூடாது. அண்ணன் தம்பி என்று யார் வந்தாலும் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் பார்ப்பார். மின்சார அழுத்தி கூடவே கூடாது, கரண்ட் பில் ஏறிவிடும்.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1990இல் போன மின்சாரம், நான் உயர்தரம் எழுதி முடிக்கும்வரை திரும்பி வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த கூட்டம் நாங்கள். பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோ பாடும். அப்படி வளர்ந்த பிள்ளைகளை ஒரு சுவிச்சுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் என்ன நடக்கும்? முதல் இரவு நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். "லைற்றை நூர்த்துப்போட்டுப் படும்" என்று அக்கா இருட்டுக்குள் அதட்டும்வரை, லைற் எரிவதை ஒரு செலவாகவே நான் நினைக்கவில்லை.

சரி, அழுத்திக்கு வருகிறேன். தூதரகத்துக்கு நேர்முகத்துக்குப் போகிறவள் கசங்கிய பஞ்சாபியோடு போகக்கூடாது என்பது கிளையின் தீர்மானம். பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன அழுத்தியைப் பங்குபோட்டு வாங்கி, அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தோம். அன்ரி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் நேரம்தான் எங்கள் அழுத்தும் நேரம். ஒரு வெள்ளி, ஒருத்தி அழுத்தியைச் செருகிய அதே நேரம் இன்னொருத்தி கேத்தலையும் போட்டாள். வீடு முழுக்க இருட்டு. அன்ரி திரும்பி வந்து கேட்டபோது இல்லத் தலைவி அக்கா நிமிர்ந்து நின்று, "ஒழுங்கை முழுக்கப் போட்டுது அன்ரி" என்றார். அன்ரி எதிர்வீட்டு வெளிச்சத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கீழே போய்த் தானே பியூஸ் கட்டினார். அடுத்த மாத வாடகையோடு கரண்டுக்கென்று ஒரு தொகை சேர்ந்தது. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பஸ்தான் எனக்குப் பெரிய சோதனை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாமல் ஒழுங்கை முனைக்குக்கூடப் போனதில்லை. சைக்கிளில் முன்னும் பின்னும் யாரும் முட்டமாட்டார்கள், இறங்கவேண்டிய இடத்தில் காலை ஊன்றினால் சரி. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்சில் ஏறினால், கொண்டக்ரர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். முன்னுக்குப் போக அங்கே இடம் இருந்தால்தானே. ஒரு கையில் ரிக்கற், ஒரு கையில் கம்பி, கைப்பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆணின் முழங்கையைக் கவனித்துக்கொண்டு நிற்கவேண்டும். பாவாடை சட்டைக் காலத்தில் தைத்த உடுப்புகளில் குத்திவைத்த ஊசிக்கு இரண்டாவது பயன் இருப்பதை அக்கா சொல்லித் தந்தார். அது பயன்பட்டது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் பயணத்தில் அக்காவும் நானும் புறக்கோட்டைக்குப் புறப்பட்டோம், செட்டியார் தெருவில் தோட்டுக்குச் சுரை மாற்ற. கொள்ளுப்பிட்டியில் கூட்டம் இறங்கியபோது வழிவிட அக்காவும் இறங்கினார், பஸ் எடுத்துவிட்டது. சன்னல் வழியாக அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த சிங்களம் 'பஹினவா', அதாவது இறங்குகிறேன், ஒன்றுதான். அதைச் சொல்லி இறங்கினால் எந்த இடத்தில் நிற்பேன் என்று தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு கடைசித் தரிப்பிடம்வரை போனேன். கோட்டைப் பக்கம் காவலரணில் எல்லாரையும் இறக்கி அட்டை பார்த்தார்கள். என்னுடைய அட்டையில் யாழ்ப்பாண முகவரியைப் பார்த்ததும் தனியே நிறுத்தி ஏதோ கேட்டார்கள். பதில் தெரியாமல் நின்றபோது, பஸ்சில் எனக்குப் பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்த சிங்கள அம்மா ஒருவர் திரும்பி வந்து, என்னைக் காட்டி நீளமாக ஏதோ கதைத்தார். விட்டுவிட்டார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன்னோடு வந்த பிள்ளை என்று சொல்லியிருப்பார் என அக்கா ஊகித்தார். புறக்கோட்டைத் தரிப்பிடத்தில் அடுத்த பஸ்சிலிருந்து குதித்த அக்கா, காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிடும் அதே குரலில் என் முழுப்பெயரையும் கத்தினார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்று இரவே அந்தக் கொப்பி தொடங்கியது. எண்பது பக்க ஒற்றைக்கோட்டுக் கொப்பி. சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் எங்கே, யாரிடம் சொல்லவேண்டும் என்ற குறிப்பு. பஸ்சில் மிச்சக் காசு கேட்பது, தையற்காரரிடம் கை நீளம் சொல்வது, "நான் தனியாக இல்லை, அண்ணா பின்னால் வருகிறார்" என்பது. கடைசிப் பக்கங்களில் விசாவுக்கான அலுவல்கள்: மருத்துவச் சோதனைக்குச் சாப்பிடாமல் போகவேண்டுமா, பிறப்புச் சான்றிதழை எங்கே மொழிபெயர்ப்பது, எந்த போட்டோக் கடைக்காரர் காது தெரிய எடுப்பார். வந்தவள் எல்லாரும் தான் பட்டதைச் சேர்த்துவிட்டுப் போனாள். மஜஸ்டிக் சிற்றியின் நகரும் படிக்கட்டில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று படம் கீறி வைத்தவள் உயிரியல் பிரிவில் படித்தவள். காலெலும்புகளுக்குப் பெயரும் குறித்திருந்தாள்.

ஞாயிறு காலை ரெலிபோன். கனடாவில் அப்போது சனி இரவு. காலி வீதியில் இருந்த கொமினிகேஷன் கடைக்கு அவர் எடுப்பார், வருகிற அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு. அறைக் கதவு சரியாகப் பூட்டாது. வெளியே வாங்கில் பத்துப் பேர், தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள் என்று பெயர், காது எல்லாம் உள்ளே. கடைக்காரத் தம்பிக்கு யாருடைய பெயரும் தெரியாது. "லண்டன் அக்கா! சூரிச் அக்கா! ரொறன்ரோ அக்கா!" என்று கூப்பிடுவான். கலியாணத்துக்கு முன் நானும் அவரும் கதைத்ததெல்லாம் "சாப்பிட்டீங்களோ", "குளிரோ", "வேறென்ன" தான். பத்துப் பேருக்கு முன்னால் வேறென்ன கதைப்பது? எங்களுக்கிடையில் இன்றும் ரெலிபோனில் அதற்குமேல் பேச்சு ஓடுவதில்லை.

அன்ரியின் விசாரணை இல்லாமல் போய்வரக்கூடிய ஒரே இடம் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். புத்தகம் என்றால் அவர் வாயைத் திறக்கமாட்டார். சில நாட்களில் உண்மையாகவே நூலகத்துக்கும் போனோம். மற்ற நாட்களில் ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தைக் கடந்து கற்களில் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். ஊரில் பின்னேரத்தில் கடற்கரைக்குப் பொம்பிளைப் பிள்ளையள் தனியாகப் போவதா?

பொலிஸ் பதிவு என்பது தனிக்கதை. வடக்கிலிருந்து வந்தவர்கள் எங்கே, யாருடன், என்ன காரணத்துக்கு, எவ்வளவு காலம் தங்குகிறோம் என்று அப்போது பதியவேண்டியிருந்தது. காலம் முடிந்தால் மறுபடி. 1997 ஒக்டோபர் 15இல் கோட்டையில் உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்த பிறகு, இரவுகளில் கதவு தட்டுவது கூடியது. அடையாள அட்டையும் பதிவுத் தாளும் தலையணைக்குக் கீழேதான் இருக்கும். தட்டிய உடனே அக்கா எங்களை உயரப்படி வரிசையில் நிறுத்துவார், நடுக்கம் குறையும் என்று. ஒருமுறை எங்களில் ஒருத்தியின் பதிவு முடிந்து இரண்டு நாள். புதுப்பிக்கக் கொடுத்த தாள் இன்னும் வரவில்லை. ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் மாடியில் அழுதுகொண்டிருக்க, அன்ரி சேலை மாற்றி, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, வீட்டு உறுதியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்துப் போனார். விடியும்வரை பொலிஸ் நிலைய வாங்கில் இருந்திருக்கிறார். அடுத்தநாள் மத்தியானம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். "குளிச்சுப்போட்டுச் சாப்பிடு பிள்ளை" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இவளின்ர உடுப்பை அழுத்தி வையுங்கோ. உங்களிட்ட அழுத்தி இருக்குதுதானே" என்றார்.

அந்தப் பிள்ளை இப்போது ஒஸ்லோவில் இருக்கிறாள். அக்கா மெல்பேணில். படம் கீறியவள் இங்கே ஸ்காபரோவில்தான், மலரில் பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்ரி அந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார், அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. எனக்கு 1998இல் விசா வந்தது. மண்ணெண்ணெய் குக்கரையும் வாளியையும் என் பாயையும் எனக்குப் பிறகு வந்த தங்கச்சியிடம் கொடுத்தேன். கொப்பியும் அவளிடம்தான். அவளிடமிருந்து அது வேறு இரண்டு பேரிடம் போனதுவரை விசாரித்துவிட்டேன். கடைசியாக வைத்திருந்தவர் லண்டனில் இருப்பதாகக் கேள்வி. தங்கச்சி, இதை வாசித்தால் மலர்க்குழுவுக்கு ஒரு ரெலிபோன் எடும். கொப்பி உமக்கே இருக்கட்டும், ஒரு போட்டோப் பிரதி போதும். அந்தப் புறக்கோட்டைப் பக்கத்தில் என் எழுத்தில் இருப்பதை என் மகள் நம்பமாட்டேன் என்கிறாள்.